கார்த் ப்ரூக்ஸ் ஒரே ராத்திரியில் ஸ்டார் ஆகவில்லை

நண்பரே, அமெரிக்காவின் கிராமிய மணம் கொண்ட 'கன்ட்ரி' இசைப் பாடகர் கார்த் ப்ரூக்ஸ் பள்ளிக்கூடமே தாண்டாதவர், அந்த இசையின் தலைநகரான நாஷ்வில்லில் கால் வைத்ததும் பாட்டு கம்பெனி ஒப்பந்தம் கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தப்பு. ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விளம்பரத் துறை பட்டம் வாங்கியவர் அவர், 1984ல். அங்கே ஈட்டி எறியும் வீரர் வேறு. 1985ல் முதல்முறை நாஷ்வில் போனவர் ஒரு நாள்கூடத் தாங்காமல் ஊருக்கே திரும்பிவிட்டார், இதைத்தான் யாரும் சொல்வதில்லை. அப்புறம் 1987ல் மனைவியோடு மறுபடி போய், பூட்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு கம்பெனிகளின் வாசலில் நின்றார். கேப்பிடல் என்ற பெரிய கம்பெனி உட்பட எல்லோரும் வேண்டாம் என்றார்கள். 1988ல் பாடகர்கள் மேடையேறும் ப்ளூபேர்ட் கஃபேயில், பாட வேண்டிய இன்னொருவர் வராததால் இவர் முன்னதாகவே மேடையேற, அங்கே உட்கார்ந்திருந்த கேப்பிடல்காரர் கேட்டுவிட்டு மனசை மாற்றிக்கொண்டார். அதிர்ஷ்டம்தான், சரி, ஆனால் அந்த மேடையில் பாடத் தயாராக இருந்தாரே!

முதல் ஆல்பம் 1989ல் வந்தது. அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசையான பில்போர்டு 200ல் வந்தவுடனே முதலிடம் பிடித்த முதல் கன்ட்ரி ஆல்பம் இவருடைய மூன்றாவது, 1991ல். இன்னொன்று, அவர் அம்மாவும் 1950களில் அதே கேப்பிடலில் பாடிய கன்ட்ரி பாடகிதான். 'பாட்டு வாசனையே இல்லாத குடும்பம்' என்ற வரியையும் எடுத்துவிடுங்கள்.