புதிதாக பிளாக் எழுத வந்தவர்கள் எஸ்.இ.ஓ. டூலுக்குக் காசு கட்ட வேண்டாம்

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். திருச்சியில் கல்லூரி இரண்டாம் வருஷம். மூன்று மாதமாக பிளாக்கரில் (கூகுளின் இலவச பிளாக் தளம்) சமையல் குறிப்பு எழுதுகிறாள், இதுவரை 11 பதிவு போட்டிருக்கிறாள். "அக்கா, எஸ்.இ.ஓ. டூல் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், மாசம் பத்தாயிரத்துக்கு மேல வருது, டியூஷன் எடுத்த காசு இருக்கு, கட்டிடவா?" என்றாள். எஸ்.இ.ஓ. டூல் என்றால், கூகுள் தேடலில் நம் பதிவு மேலே வர உதவும் கருவி. கட்டாதே என்று சொல்லிவிட்டேன். போனில் அவளிடம் சொன்னதையும் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பலர் கேட்காமலேயே காசைக் கட்டிவிடுகிறார்கள்.

இந்த வகையில் பிரபலமான அஹ்ரெஃப்ஸ், செம்ரஷ் இரண்டும் நல்ல கருவிகள்தான். ஆனால் அவற்றின் முழு வசதி வேண்டுமென்றால் மாதம் 100 டாலருக்கு மேல் போகும். பத்துப் பதினைந்து வாடிக்கையாளர்களின் தளங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஏஜென்சிக்கு அது நியாயமான செலவு. 11 பதிவு வைத்திருப்பவருக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது? போட்டியாளரின் பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து அவருக்கு வரும் இணைப்பு) எத்தனை என்று தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம்? ஒரு சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று அவை காட்டும் எண்களும் மதிப்பீடுதான். தமிழ்ச் சொற்களுக்கு அந்த மதிப்பீடு பல நேரம் பூஜ்யம் என்றே வரும். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு எழுதாமல் விட்ட தலைப்புகள் எனக்கே உண்டு, அதில்தான் எனக்கு வருத்தம்.

இலவசமாக இருக்கும் கூகுள் சர்ச் கன்சோல் உங்கள் பக்கத்தைப் பற்றி கூகுளே தரும் கணக்கு. எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பதிவு தெரிந்தது, எத்தனை முறை தெரிந்தது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம், எல்லாம் 16 மாதம் வரை இருக்கும். பிளாக் தொடங்கிய அன்றே இணைத்துவிடுங்கள், சைட்மேப்பையும் (உங்கள் பக்கங்களின் முகவரிப் பட்டியல்) கொடுத்துவிடுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் எழுதுவது மாடித்தோட்டம் பற்றி. 'மாவுப்பூச்சி மேலாண்மை' என்று தலைப்பு வைத்து ஒரு பதிவு எழுதினேன், நிறைய உழைத்து எழுதியது, ஆறு மாதமாக ஆள் வரவே இல்லை. சர்ச் கன்சோலில் அந்தப் பதிவை மட்டும் பிரித்து, இம்ப்ரஷன் (தேடலில் எத்தனை முறை தெரிந்தது என்பது) அதிகமாகவும் கிளிக் குறைவாகவும் இருக்கும் சொற்களைப் பார்த்தேன். 'செம்பருத்தி செடியில் வெள்ளை பூச்சி', 'செம்பருத்தி மொட்டு வெள்ளையா இருக்கு', இப்படித்தான் தேடியிருக்கிறார்கள். மேலாண்மை என்று ஒருவர்கூடத் தேடவில்லை. செடியைப் பார்த்துப் பதறிப்போய் போனை எடுக்கிறவர் வாயில் அந்தச் சொல் எப்படி வரும்? தலைப்பை மாற்றினேன், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் என்று முதல் பத்தியிலேயே தீர்வைக் கொண்டுவந்து வைத்தேன். இரண்டு மாதத்தில் என் பக்கத்திலேயே அதிகம் படிக்கப்படும் பதிவாக அது ஆகிவிட்டது. இதற்கு எனக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. நம் ஆட்களில் கணிசமானவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறார்கள். அதற்காகப் பதிவை தங்கிலீஷில் எழுத வேண்டியதில்லை. பிளாக்கரில் தலைப்பைத் தமிழில் வைத்தால் பதிவின் முகவரி வெறும் பிளாக்-போஸ்ட் என்று ஒரு எண்ணோடு வந்து நிற்கும், கவனித்திருப்பீர்கள். வெளியிடுவதற்கு முன்பே பெர்மாலிங்க் என்ற, பதிவின் முகவரியை அமைக்கும் இடத்தில் போய், மக்கள் ஆங்கில எழுத்தில் எப்படித் தட்டுகிறார்களோ அதே மாதிரி மூன்று நான்கு சொல் கொடுத்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் பழைய முகவரியில் வருகிறவர்களுக்குப் பக்கமே கிடைக்காது. அப்புறம், செட்டிங்ஸில் தேடல் விவரம் (பதிவு எதைப் பற்றி என்று கூகுளுக்குச் சொல்லும் சிறு குறிப்பு) என்ற வசதியை இயக்கினால்தான் பதிவு எழுதும் இடத்தில் அதை எழுதும் பெட்டியே தெரியும். அதை இயக்காமலேயே வருஷக்கணக்கில் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெட்டா கீவேர்டு என்று, தேடல் சொற்களைக் கமா போட்டு வரிசையாக நிரப்பும் வேலையை மட்டும் விட்டுவிடுங்கள், தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

அடுத்து எதை எழுதுவது என்று தெரியவில்லையா, கூகுள் தேடல் பெட்டியில் இரண்டு சொல் தட்டிவிட்டு நிறுத்துங்கள், கீழே வருவதைப் பாருங்கள். கூகுள் ட்ரெண்ட்ஸில் தமிழ்நாட்டை மட்டும் தேர்ந்தெடுத்து எந்த மாதம் எதைத் தேடுகிறார்கள் என்று பாருங்கள். சமையல் எழுதும் பெண்ணுக்கு ஊறுகாய், வடகம் எல்லாம் எந்த மாதம் எழுத வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். பிங் தேடலுக்கு இதே மாதிரி கணக்குத் தரும் பிங் வெப்மாஸ்டர் டூல்ஸும் இலவசம். பிளாக்கருக்குப் பதில் வேர்ட்பிரஸ்ஸில் எழுதுகிறீர்கள் என்றால் யோஸ்ட் அல்லது ரேங்க் மேத் என்ற எஸ்.இ.ஓ. பிளக்இன், ஒன்று போதும், அதன் இலவசப் பதிப்பே போதும். உடைந்த இணைப்புகளைக் கண்டுபிடிக்க ஸ்க்ரீமிங் ஃபிராக் என்ற மென்பொருள் இருக்கிறது, 500 முகவரி வரை காசு கேட்காது.

டெலிகிராமில் 'எல்லா டூலும் மாசம் 400 ரூபாய்' என்று ஒரே கணக்கை நூறு பேருக்குப் பகிர்ந்து விற்கிறார்கள் பாருங்கள், அங்கே மட்டும் போகாதீர்கள். நான் கட்டினேன். ஒன்பதாவது நாள் கணக்கு முடங்கியது, குழுவிலிருந்தும் என்னை நீக்கிவிட்டார்கள். காசு போனதைவிட, அதைத் திறப்பதற்கு அவர்கள் கொடுத்த எக்ஸ்டென்ஷனை (பிரவுசரோடு சேர்ந்து இயங்கும் சிறு மென்பொருள்) என் பிரவுசரில் போட்டுவிட்டேனே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அன்று ராத்திரி உட்கார்ந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

கையில் காசு இருந்தால் முதலில் சொந்த டொமைன் (உங்கள் பிளாக்குக்கென்று தனி இணைய முகவரி) வாங்குங்கள், சாதாரணப் பெயர் என்றால் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும், பிளாக்கரிலேயே இணைத்துக்கொள்ளலாம். பெரிய டூல் எப்போது தேவைப்படும் என்றும் அவள் கேட்டாள். சர்ச் கன்சோலில் தெரியும் சொற்களுக்கெல்லாம் பதிவு எழுதி முடித்து, இனி அங்கே பார்க்கப் புதிதாக எதுவும் இல்லை என்ற நிலை வரும்போது ஒரே ஒரு மாதத்துக்குக் கட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு ரத்து செய் என்றேன். நேற்று அவள் சர்ச் கன்சோலை இணைத்துவிட்டாள். அவளுடைய பருப்புப் பொடிப் பதிவை இதுவரை கூகுள் தன் தேடல் பட்டியலில் எடுத்துக்கொள்ளவே இல்லை என்று அங்கே போட்டிருந்ததாம், இன்று மாலை இருவரும் சேர்ந்து அதைத்தான் பார்க்கப் போகிறோம்.