கோட்டைப் பக்கம் கருவாடு காயலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வந்த நண்பனைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனேன். எனக்கு அம்மா ஊர் பொறையாறு, பக்கம்தான். கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மீனவர் தெருப் பக்கம் நடந்தோம். மணலில் வலை விரித்து நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. நண்பன் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "இவ்வளவு அழகான இடத்துல இதை ஏன்டா காயப்போடுறாங்க?" என்றான். கருவாட்டைக் கிளறிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து, "மூக்கைப் பொத்திக்கிட்டு வாங்குனா கிலோவுக்கு இருபது ரூவா கூட, தம்பி" என்றார்.

சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டோம். ஆனால் அவன் கேட்டதைத்தான் பலபேர் கொஞ்சம் நாசூக்காகக் கேட்கிறார்கள். படகைத் தள்ளி நிறுத்தலாமே, வலையை வேறெங்காவது வைத்துப் பின்னலாமே, சுற்றுலா வளருமே என்று. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

இந்தக் கோட்டையைக் கட்டிய டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் கேட்டு 1620-ல் வந்தார்கள். 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். நடுவில் 1706-ல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியதும், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்ததும் பெருமைதான், யார் மறுத்தது? ஆனால் ஊர் அவர்களுக்கெல்லாம் மூத்தது. கரையோரத்து மாசிலாமணிநாதர் கோயில் 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் போய் ஃபைபர் படகுகள் வந்தன. வீடுகளும் இடம் மாறின. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் இடத்தை விட்டுக்கொடுத்தால் உள்ளே தள்ளிப் புதுவீடு என்றது அரசு. கண்முன்னால் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் வேறு என்ன செய்வார்கள், போனார்கள். அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் முன்பெல்லாம் விடியற்காலையில் வாசலில் நின்றே காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று முடிவெடுத்தவர், இப்போது அதற்கே கரைவரை நடக்க வேண்டும். அதே கரையில் பழைய மாளிகை விடுதியாகி, கடல் தெரியும் அறைக்குத் தனி வாடகை. கடலுக்குப் போகிறவருக்குக் கடல் தெரியாது, காசு கொடுப்பவருக்குத் தெரியும். இதுதான் எனக்கு உறுத்துகிறது. இன்னும் மிச்சமிருக்கும் மணலையும் படம் எடுக்க வருகிறவர்களுக்காக ஒழித்துக்கொடு என்றால் எப்படி?

அப்புறம் இன்னொரு கூத்து. மே மாத லீவில் வந்து "பெரிய வஞ்சிரம் இல்லையா?" என்று கோபித்துக்கொள்வது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. பக்கத்துக் கரையில் ஃபைபர் படகுக்குக் கிடைப்பதுதான் ஏலத்துக்கு வரும். அன்றைக்கு நண்டு வந்தால் நண்டு, மத்தி வந்தால் மத்தி. மத்திக் குழம்பை மட்டம் என்று நினைப்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் காலை வெயில் ஏறுமுன் வாருங்கள். படகு கரையேறும் நேரம் ஏலத்தைப் பாருங்கள், குறுக்கே நிற்காமல். கோட்டை எங்கேயும் போகாது, பத்து மணிக்குப் பார்க்கலாம்.

அந்த ஆயாவிடம் நண்பன் கடைசியில் அரைக்கிலோ நெத்திலி வாங்கினான், கைக்குட்டையைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு. ஆனால் கார் நாறும் என்று பொட்டலத்தை என் பைக்குள் திணித்துவிட்டுப் போய்விட்டான். நேற்று கத்தரிக்காய் போட்டு அதில் பாதி தீர்ந்தது. மீதியைக் கேட்டால் தருவதாக இல்லை.