நீளத்தை வைத்து வாக்கிய வகை சொல்ல முடியாது
ஆங்கில வாக்கிய வகைகளைப் பற்றி ஒருத்தர் "குட்டியாக இருந்தால் சிம்பிள், நடுவில் 'அண்ட்' வந்தால் காம்பவுண்ட், நீளமாக இழுத்தால் காம்ப்ளெக்ஸ்" என்று எழுதியிருக்கிறார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதை நம்பினால் மார்க் போய்விடும்.

"ரவி அண்ட் மாலா வென்ட் டு சில்வர் பீச்." அண்ட் இருக்கிறது, ஆனாலும் சிம்பிள்தான். போனவர்கள் இரண்டு பேர், வினை ஒன்றே. அதோடு 'ஆன் சண்டே ஈவினிங்', 'ஃப்ரம் மஞ்சக்குப்பம்', 'வித் தேர் கிராண்ட்மதர்' என்று எவ்வளவு ஒட்டினாலும் சிம்பிளாகவே இருக்கும். "ஐ லெஃப்ட் வென் ஹி கேம்" ஐந்தே சொல், அது காம்ப்ளெக்ஸ்.

பார்க்க வேண்டியது கிளாஸ்களை (clause). அதாவது எழுவாயும் அதற்கான முற்றுவினையும் சேர்ந்த தொகுதி எத்தனை, அவை எப்படி இணைந்திருக்கின்றன என்பதை. கடலூர் பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். "இன் ஸ்பைட் ஆஃப் த ரெயின், த பஸ் கேம்": ஒரே கிளாஸ், சிம்பிள். "இட் ரெயின்ட், பட் த பஸ் கேம்": இரண்டும் தனியாக நிற்கும், காம்பவுண்ட். "தோ இட் ரெயின்ட், த பஸ் கேம்": 'தோ' வந்ததும் முதல் பாதி தனியாக நிற்காது, அதனால் காம்ப்ளெக்ஸ். பரீட்சையில் மாற்றி எழுதச் சொல்வதும் இதைத்தான்.

அப்புறம், இரண்டும் கலந்த காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் என்று நான்காவது வகையும் உண்டு. அதை அவர் ஏன் விட்டார்?