ரெண்டாவது ஓ.எஸ். தானே?

பழுதுபார்க்கக் கொடுத்த என் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்தில் இருந்த லினக்ஸ் என்கிற இன்னொரு ஓ.எஸ்.ஸை (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்), அதிலிருந்த என் வேலையோடு சேர்த்துக் கடையில் அழித்துவிட்டார்கள் என்று போன வாரம் நான் பதிவு போட்டதும் அதற்குக் கீழே நடந்ததும் உங்களுக்குத் தெரியும். ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அழிந்ததை மீட்க உதவும் டெஸ்ட்டிஸ்க் போட்டுப் பார்க்கச் சொன்னவர்களுக்கும் நன்றி. பென் டிரைவிலிருந்து பூட் செய்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்துவிட்டேன், எதுவும் கிடைக்கவில்லை. இது எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க். அழித்த இடத்தை விண்டோஸ் டிரிம் செய்துவிட்டால், அதாவது அடியோடு துடைக்கச் சொல்லிவிட்டால், அப்புறம் தோண்டி எடுக்க அங்கே ஒன்றும் மிஞ்சாது. சரி, போனது போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேற்றிக்கொள்ள முடியாதது அந்த ஒரு கமெண்ட். "ரெண்டாவது ஓ.எஸ். தானே போச்சு, விண்டோஸ் நல்லாத்தானே இருக்கு, இதுக்கு ஏன் இவ்வளவு பெரிய பதிவு?" அதற்கு நாற்பது லைக்.

அந்தத் 'தானே'வுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடையில் கொடுத்தது கீபோர்டு மாற்ற. நான்கு பட்டன் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். திரும்ப வாங்கி ஆன் செய்தால் எந்த ஓ.எஸ். வேண்டும் என்று கேட்டு எப்போதும் வரும் கிரப் மெனு வரவில்லை, நேராக விண்டோஸ் வந்து நின்றது. சி டிரைவ் இரண்டு மடங்காகியிருந்தது. கேட்டதற்கு, "டிஸ்க்குல பாதி சும்மா கிடந்துச்சு மேடம், அதான் சேர்த்து விட்டேன், இனிமே ஸ்பீடா இருக்கும்" என்றார் அந்தத் தம்பி. சந்தோஷமாகத்தான் சொன்னார். நல்லது செய்ததாக நினைத்திருக்கிறார்.

அந்தத் தம்பி மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். டிஸ்க்கில் லினக்ஸுக்கு ஒதுக்கிய பகுதிக்கு, அதாவது லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு, அங்கே டிரைவ் எழுத்து இருக்காது, ஃபைல் சிஸ்டம் பெயர் இருக்காது, காலி இடம் 100 சதவீதம் என்று காட்டும். லினக்ஸ் கோப்புகளைச் சேமிக்கும் ஈ.எக்ஸ்.டி.4 முறையை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. தனக்குப் படிக்கத் தெரியாததைக் காலி என்று சொல்லிவிடுகிறது. அதை நம்பி அவர் அழித்தார். ஆனால் என் போன் நம்பர் ரசீதிலேயே இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "மேடம், இங்க ஒரு பார்ட்டிஷன் இருக்கு, என்னது இது?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? கீபோர்டு மாற்றக் கொடுத்த கணினியில் டிஸ்க்கை எதற்குத் தொட வேண்டும்?

அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்காமலேயே 'தானே' போட்டவர்களுக்காகச் சொல்கிறேன். என் அப்பா அச்சகத்தில் அச்சுக்கோர்ப்பவராக இருந்தார். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முந்தைய புத்தகங்கள் வீட்டில் இரண்டு பெட்டி உண்டு. துதிக்கை போல மேலே சுழித்து எழுதும் பழைய லை, ளை, ணை, னை, கீழே வளைத்து எழுதும் ணா, றா, னா, எல்லாம் அதில் இருக்கும். ஸ்கேன் செய்து படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓ.சி.ஆர். போட்டால் அந்த எழுத்துகளில்தான் அதிகமும் உளறும். டெசராக்ட் என்கிற ஓ.சி.ஆர். மென்பொருளுக்கு அவற்றைக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு வரியையும் தனிப் படமாக வெட்டி, அதற்கு நேராகச் சரியான எழுத்தைக் கையால் தட்டி வைக்க வேண்டும். இரண்டு வருடத்தில் 3,100 வரி செய்திருந்தேன். அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. சந்தேகமான வரியைப் பெரிதாக்கிக் காட்டினால், எழுத்தின் வளைவை வைத்தே எந்த அச்சு என்று சொல்லிவிடுவார். அந்த உட்கார்வுகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்கள்.

இனி வரப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். பேக்கப் எடுக்கவில்லையா? எடுத்திருந்தேன். பொங்கல் வரைக்கும் எடுத்திருந்தேன், 1,700 வரி அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு எடுக்காதது என் தப்புதான். ஆனால் வீட்டைப் பூட்டாமல் போனது தப்பு என்பதால் உள்ளே வந்து பொருளைத் தூக்கிப் போட்டவர் செய்தது சரியாகிவிடுமா? நாற்பது பேரில் ஒருத்தராவது கடைக்காரர் கேட்டிருக்கலாமே என்று எழுதினீர்களா? எல்லோரும் என்னைத்தான் கேட்டீர்கள்.

அடுத்து, எதற்கு இரண்டு? ஒன்றையே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? பகலில் நான் கணக்கு வேலை பார்க்கிறவள். டேலி விண்டோஸில்தான் ஓடும், அதனால் விண்டோஸ் வேண்டும். எழுத்துப் பயிற்சி வேலைக்கான கருவிகள் லினக்ஸில் ஒழுங்காக ஓடும், அதனால் லினக்ஸ் வேண்டும். விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கணினி போல ஓடும் வெர்ச்சுவல் மெஷின் போடு என்கிறார்கள். 8 ஜி.பி. ராமில் போட்டுப் பாருங்கள். விண்டோஸுக்குள் லினக்ஸ் கருவிகளை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். இருக்கிறதே என்று ஒருவர். இருக்கிறது, நல்ல விஷயம்தான், எனக்கு அது போதவில்லை. டூயல் பூட், அதாவது ஒரே கணினியில் இரண்டு ஓ.எஸ்., வைத்தால் மணி தப்பாகக் காட்டுமே என்று இன்னொருவர். விண்டோஸ் உள்ளே இருக்கும் கடிகாரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் யு.டி.சி. என்னும் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது, அதனால் நம் ஊரில் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போகும். ஒரே ஒரு கட்டளையில் தீர்ந்துவிடும். நான் அதைத் தீர்த்து ஆறு வருடம் ஆகிறது. இதற்காகவா ஒருத்தியின் டிஸ்க்கை அழிக்கலாம் என்கிறீர்கள்?

எனக்கு இது விளையாட்டாக வந்த பழக்கமும் இல்லை. பிளஸ் டூ படிக்கும்போது விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. 2011-ல் தொடங்கிய திட்டம். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது. ஆன் செய்ததும் எதற்குள் போக வேண்டும் என்று கேட்கும். என் வகுப்பில் பாதிப் பேர் முதல் வாரமே கடையில் 200 ரூபாய் கொடுத்துப் பாஸை எடுத்துவிட்டு வந்தார்கள். நான் வைத்திருந்தேன், 200 ரூபாய் இல்லாததால். கல்லூரியில் பிரின்ட் எடுக்கப் போன இடத்தில் பென் டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் ஏறி, கோப்புறை எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தது. மறுநாள் புராஜெக்ட் கொடுக்க வேண்டும். அழுதுகொண்டே கீழ் அம்புக்குறியைத் தட்டி மெனுவில் பாஸ் இருந்த அந்த இன்னொரு வரிக்குள் போனேன். எல்லாக் கோப்பும் அப்படியே இருந்தது, விண்டோஸ் பக்கம்தான் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்தது. அன்றைக்கு எனக்கு எது முதலாவது, எது இரண்டாவது?

'இரண்டாவது' என்பது டிஸ்க்கில் எது பிறகு ஏறியது என்கிற வரிசை. அதற்கு மேல் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கிடையாது.

இந்த அலட்சியம் கடையில் மட்டும் இருக்கிறதா என்றால் இல்லை. 2024 ஆகஸ்டில் ஒரு விண்டோஸ் அப்டேட் வந்ததே, நினைவிருக்கிறதா? கணினி ஆன் ஆனதும் ஓ.எஸ்.ஸைத் திறந்துவிடும் பூட்லோடர்களில் ஓட்டையுள்ள பழையவற்றைத் தடுப்பதற்காக வந்தது. நோக்கம் நியாயமானது. டூயல் பூட் கணினிகளில் இது ஏறாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஏறியது. எத்தனையோ பேருக்கு மறுநாள் லினக்ஸ் திறக்கவில்லை. அதைச் சரிசெய்யும் அப்டேட் 2025 மே மாதம்தான் வந்தது. ஒன்பது மாதம்! நம்பகமான பூட்லோடரை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டை நான் ஏற்கெனவே அணைத்து வைத்திருந்ததால் தப்பித்தேன். விண்டோஸ் ஒன்பது மாதம் திறக்காமல் கிடந்திருந்தால் யாராவது 'தானே' என்று சொல்லியிருப்பார்களா?

இன்னொன்றையும் யோசியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அப்படிப்பட்ட கணினி வைத்திருக்கும் எத்தனையோ பேர் இருப்பதைக் கலைக்காமல் பக்கத்தில் லினக்ஸ் போட்டுக்கொள்கிறார்கள். என் அலுவலகத்திலேயே மூன்று பேருக்கு நான் போட்டுக் கொடுத்தேன். அவர்களும் நாளைக்குக் கீபோர்டு மாற்ற, பேட்டரி மாற்ற இதே கடைகளுக்குத்தான் போவார்கள். அவர்களிடமும் "சும்மா கிடந்துச்சு" என்றுதான் சொல்லப் போகிறார்களா?

கமெண்ட் போட்ட அண்ணனுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்களை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும், உங்கள் பதிவுகளை மதித்துப் படிக்கிறவள் நான். உங்கள் கேலரியில் இருக்கும் குழந்தைகளின் படங்களை யாராவது அழித்துவிட்டு, "போன் நல்லாத்தானே இருக்கு" என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்ததும், "எத்தனை வரி ஆச்சு?" என்று கேட்பார். இந்த வாரமும் கேட்டார். 1,700 என்று சொல்ல வாய் வரவில்லை. பழைய எண்ணிக்கையையே சொன்னேன்.

நேற்று கடையிலிருந்து போன் வந்தது. கீபோர்டு கூலியில் 300 ரூபாய் திருப்பித் தருகிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கேட்காமல் அழித்தது தவறு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், பணம் வேண்டாம் என்றேன். முதலாளியிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார் அந்தத் தம்பி.