பாடின குரல் வேறு, பண்ணின குரல் வேறு

சனிக்கிழமை நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். காலமான எங்கள் ஊர்ப் பாடகர் ஒருவரின் குரலை ஏஐயால், அதாவது செயற்கை நுண்ணறிவால், பண்ணி மேடையில் பாடவைத்தார்கள். அதற்குமேல் விளக்கப்போவதில்லை, அந்த வீடியோ எல்லோருடைய கைபேசியிலும் கிடக்கிறது. அதன் கீழே இரண்டு வரி கொமென்ட் போட்டேன். நூற்றுச் சொச்சம் சிரிப்பு முகங்கள் விழுந்தன. "அங்கிள், ஒரு பனடோலைப் போட்டுவிட்டுப் படுங்கோ" என்று ஒரு தம்பி. அவனுக்குத் தரம் ஏழில் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். சரி, படுத்தேன். நித்திரை வரவில்லை. எழுதுகிறேன்.

முதலில் தகவல் பிழை. மேடையில் அறிவிப்பாளர் தம்பி சொன்னது இதுதான்: 1991லேயே அமெரிக்காவில் நடாலி கோல் என்ற பாடகி செத்துப்போன அப்பாவை ஏஐ மூலம் பாடவைத்து கிராமி விருது வாங்கினாராம், உலகத்திலேயே அதுதான் முதல் முயற்சியாம், இன்றைக்கு அதை யாழ்ப்பாணத்தில் செய்துகாட்டப் போகிறார்களாம். மண்டபமே கைதட்டியது.

இல்லைத் தம்பி. அந்த அப்பாவை, நாட் கிங் கோலை, யாரும் பாடவைக்கவில்லை. அவர் ஏற்கனவே பாடியிருந்தார். இது சின்ன வித்தியாசமாகத் தெரிகிறது என்றால் மேற்கொண்டு வாசிக்காதீர்கள். எனக்கு இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று தெரியாது. பாடின குரல் வேறு, பண்ணின குரல் வேறு.

'அன்ஃபர்கெட்டபிள்' என்ற அந்தப் பாட்டை எழுதியவர் அர்விங் கோர்டன். முதலில் அவர் வைத்த பெயர் 'அன்கம்பேரபிள்'. பதிப்பகத்தார் மாற்றச் சொன்னார்கள். (ஆங்கில வாத்தியாராக அந்தப் பதிப்பகத்துக்கு என் நன்றி. பிள்ளைகள் கட்டுரையில் அந்தச் சொல்லை எழுதினால் சிவப்புக் கோடு போடுகிறவன் நான்.) 1951இல் நாட் கிங் கோல் பாடினார், வாத்திய அமைப்பு நெல்சன் ரிடில். பிறகு ஸ்டீரியோ வந்ததும் 1961இல் அதே பாட்டை மறுபடியும் பாடிப் பதிவு செய்தார். முதல் பதிவு அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள்கூட வரவில்லை. மகளோடு சேர்ந்து வந்ததும் 14ஆம் இடம்தான். இன்றைக்கு இருபது லட்சம் பேர் பார்த்தால்தான் பாட்டு என்கிறவர்கள் இதையும் கொஞ்சம் குறித்துக்கொள்ளலாம்.

1965 பெப்ரவரி 15இல் அவர் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். வயது 45. நடாலிக்குப் பதினைந்து வயது முடிந்து ஒன்பது நாள்.

ஓயாமல் சிகரெட் குடித்த மனிதர். 1956இல் அலபாமாவில் பாடிக்கொண்டிருக்கும்போது, கறுப்பர் என்பதற்காகவே, மேடையில் ஏறித் தாக்கினார்கள். அந்தக் குரலைக் கேட்டால் இது எதுவும் தெரியாது. பட்டுத்துணியை மடித்து வைத்ததுபோல் இருக்கும். ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு நுரையீரல் இருந்தது, அதுதான் அவரைக் கொண்டுபோனது. இதைத்தான் அந்த இரண்டு வரி கொமென்டில் சொல்லப் பார்த்தேன், சொல்ல வரவில்லை போலும்.

மகள் பாட வந்தது 1975இல். அப்பாவின் பாட்டுகளைப் பாடமாட்டேன் என்று நெடுங்காலம் தள்ளியே வைத்திருந்தார். தனக்கென்று ஒரு பெயரைச் சம்பாதித்து, போதைப் பழக்கத்தில் விழுந்து, எழும்பி, நாற்பத்தொரு வயதில்தான் அப்பாவின் பாட்டுகளை ஒரு முழுத் தொகுப்பாகப் பாட வந்தார். டேவிட் ஃபோஸ்டர் தயாரிப்பில், அப்பா எப்போதோ பாடி வைத்திருந்த குரலோடு தன் குரலைச் சேர்த்துப் பாடினார். 1992 கிராமி விழாவில் வருடத்தின் சிறந்த பதிவு, சிறந்த தொகுப்பு, சிறந்த பாடல் மூன்றும் அதற்கே போயின. நாற்பது வருடத்துக்கு முந்திய பாட்டுக்காக அர்விங் கோர்டன் அந்த வயதில் மேடையேறினார். அதற்கும் அப்போதே முணுமுணுத்தார்கள்.

முதல் முயற்சி என்றதும் தவறு. 1964இல் விமான விபத்தில் இறந்த அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் குரலோடு 1979இல் டெபரா அலன் பாடியிருக்கிறார். நத்தார் வந்தால் ஜிம் ரீவ்ஸைப் போடாத வீடு எங்கள் ஒழுங்கையில் இல்லை, ஆனால் இதை மேடையில் சொல்ல ஒருவரும் இல்லை.

"அங்கிள், ரெண்டும் தொழில்நுட்பம்தானே?"

ஓம், தொழில்நுட்பம்தான். தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று என்னைச் சொன்னவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தப் பாட்டை நான் முதல்முதலில் கேட்டது சைக்கிள் மிதித்து.

1990 ஆனியில் யுத்தம் திரும்பத் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மின்சாரம் போய்விட்டது. பற்றரிக்குத் தடை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை அழுத்திவிட்டு, அதிலிருந்து இரண்டு வயரை இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்போம். பிபிசி தமிழோசையை ஊரே அப்படித்தான் கேட்டது. ரொறன்ரோவிலிருந்து அண்ணா அனுப்பிய கசெற், கொழும்பில் மூன்று மாதம் கிடந்து, யாரோ ஒரு புண்ணியவானின் பையில் கிளாலிக் கடல்நீரேரி கடந்து 1992இல் வீட்டுக்கு வந்தது. அப்பா வெள்ளவத்தையில் கிளார்க்காக இருந்த காலத்தில் இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் நாட் கிங் கோலைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஆள். 83 கலவரத்தில் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கும்போது கையில் ஒரு பாக் மட்டும். இசைத்தட்டுகள் எல்லாம் அங்கேயே போயின.

நான் மிதித்தேன். அப்பா முற்றத்துக் கதிரையில் இருந்தார். கால் கொஞ்சம் தளர்ந்தால் நாட் கிங் கோல் கிணற்றுக்குள் இறங்கிவிடுவார். "மிதியடா, மிதி, ஆள் சாகுது" என்பார் அப்பா. வேகமாக மிதித்தால் குரல் சின்னப் பெடியனுடையது போல ஆகிவிடும். அளவான வேகத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். நாட் கிங் கோல் ஒரு வரி பாட, மகள் அடுத்த வரி பாட, என் கால் இருவருக்கும் நடுவில் ஓடியது. மகளின் குரல் வந்ததும் அப்பா எழுந்து கசெற்றின் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தாள் செத்து இருபத்தைஞ்சு வருசத்துக்கு மேல. பெட்டை காத்திருந்து பாடியிருக்கிறாள்" என்றார்.

காத்திருந்து. அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாட்டில் இறந்தவர் மகளுக்காக அரை நொடி கூடப் பொறுக்கமாட்டார். அவர் 'ம்' என்று இழுக்கும் இடத்தில் இழுப்பார், மூச்சு எடுக்கும் இடத்தில் எடுப்பார். மகள்தான் அவருக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். செத்தவர் வளையமாட்டார், உயிரோடு இருப்பவர் வளைவார். சனிக்கிழமை நடந்தது நேர்மாறு. இவர்கள் வளைத்தார்கள். பதினொரு வருடத்துக்கு முந்திக் காலமான மனிதரை, அவர் வாழ்நாளில் ஒரு மேடையிலும் பாட ஒத்துக்கொள்ளாத வகைக் குத்துப்பாட்டை, பாட வைத்தார்கள். அதுவும் 'ழ' வராத ஒரு தமிழில். ஊரில் 'ழ'வுக்குப் பெயர்போன மனிதர் அவர்.

"ரஹ்மானே செய்தார்" என்று பதினாறு பேர் எழுதியிருக்கிறார்கள். எண்ணினேன். செய்தார். 2024இல் 'லால் சலாம்' படத்துக்கு காலமான பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது குரல்களில். இரண்டு குடும்பத்திடமும் கேட்டு, அனுமதி வாங்கி, பணமும் கொடுத்துச் செய்ததாகச் சொன்னார். நீங்கள் ரஹ்மானும் இல்லை, கேட்கவும் இல்லை. முடிந்தது.

அதே வருடம் பவதாரிணியின் குரலை யுவன் 'கோட்' படப் பாட்டில் கொண்டுவந்தார். அதுவும் பண்ணின குரல்தானே என்று என் சொந்த மருமகளே கேட்டாள். ஓம். அவர் தம்பி, அது அவரது அக்கா, அந்த வருடம் தை மாதம்தான் போனார். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இன்னொரு கேள்வி இருக்கிறது. "நாட் கிங் கோலிடம் மட்டும் யார் கேட்டார்கள்?" ஒருவரும் கேட்கவில்லை. அவர் அந்தப் பாட்டை ஒரு பெண்ணுக்குப் பாடினார், மகளோடு பாடுவதற்காகப் பாடவில்லை. காதல் பாட்டை அப்பாவும் மகளும் மாறி மாறிப் பாடுவது கொஞ்சம் ஒருமாதிரி என்று அந்தக் காலத்திலேயே சொன்னவர்கள் உண்டு. இதற்கு என்னிடம் பதில் இல்லை என்று குதிக்கிறார்கள். இருக்கிறது. மகள் கேட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான். மகளுக்கு அந்த உரிமை இருக்கிறது, உங்கள் மென்பொருளுக்கு இல்லை. இது நியாயமான பதில் இல்லை என்றால் இல்லை, போங்கள்.

நீங்கள் சனிக்கிழமை பாடவைத்த மனிதரின் மனைவி முன்வரிசையில் இருந்தார். உங்கள் ரீலில் அவர் கண்ணைத் துடைப்பதை எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, மேலே இதயம் இதயமாகப் பறக்கவிட்டிருக்கிறீர்கள். ஆனந்தக் கண்ணீராம். நான் மூன்று வரிசை பின்னால் இருந்தேன். அவர் குனிந்து, கதிரைக்கு அடியில் காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றுதான் அகப்பட்டது. மற்றதை யாரோ தட்டிவிட்டிருக்கிறார்கள். எழுந்து போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், ஒரு கால் செருப்போடு, புருசனின் குரல்போல இருந்த அந்தச் சத்தம் முடியும்வரை இருந்தார். அந்த நாலு நிமிடத்தை ஒருவரும் ரீலாகப் போடவில்லை.

"பழைய ஆட்களுக்கு எது புதிதாக வந்தாலும் பிடிக்காது." தம்பி, பழைய ஆளாக இருப்பது எனக்கும் விருப்பமில்லை. நீயும் ஆவாய்.

ஏன் இந்த மனுசன் இவ்வளவு கொதிக்கிறார் என்று கேட்டவர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். அப்பா 1994இல் போய்விட்டார். 95 ஐப்பசியில் சண்டையால் ஊரோடு வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால் போனபோது கசெற், படம், ரேடியோ எல்லாம் வீட்டில். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அப்பாவின் குரல் உலகத்தில் மிஞ்சியது ஒரே இடத்தில்தான். 93இல் அண்ணாவுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய ஒரு கசெற், அதில் கடைசி நாற்பது விநாடி மட்டும் ஓடும் நிலையில். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசி அனுப்புவோம். வெளியில் அனுப்பியதுதான் தப்பியது.

போன வருடம் அண்ணாவின் மகன் அந்த நாற்பது விநாடியைக் கணினிக்குக் கொடுத்து அப்பாவைப் பேச வைத்து எனக்கு அனுப்பினான். அன்பில்தான் செய்தான், அது எனக்குத் தெரியும். "சித்தப்பா, அப்பம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கோ" என்றான். இதைச் சனிக்கிழமை கொமென்டில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதற்கும் சிரிப்பு முகம் போட்டிருப்பீர்கள்.

அம்மாவுக்கு எண்பத்து நாலு. கைபேசியைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். "எப்படி இருக்கீங்க? நான் இங்க ரொம்ப நல்லா இருக்கேன்" என்றது. அப்பாவின் குரலேதான், தடிப்பு, கரகரப்பு எல்லாம் சரி. அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "ஆர் இந்தப் பிள்ளை? இந்தியாவோ?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பழைய நாற்பது விநாடியைப் போட்டேன். முதலில் இருமல். பிறகு, "தம்பி, இஞ்ச ஒரு குறையும் இல்லை, நீ யோசியாத." 93இல், சீனி கிடையாத வீட்டில் இருந்து சொன்ன பொய். பின்னால் ஒரு சேவல் கூவுகிறது.

அம்மா கையைத் தூக்கி என்னை நிறுத்தச் சொன்னார். "அது பின்வளவுக் கறுப்புச் சேவல். அடுத்த கிழமை கறி வைச்சது" என்றார். பிறகு, "திருப்பிப் போடு."