ஆஸ்திரேலியாவைக் காப்பாற்றிய பூச்சி, கரீபியனில் ஏன் எதிரியானது?

களையைப் பூச்சி விட்டு அடக்குவது பற்றிப் பேச்சு வந்தாலே ஆஸ்திரேலியாவின் சப்பாத்திக்கள்ளிக் கதைதான் முதலில் வரும். 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து முட்டைகளாகக் கொண்டுபோன ஓர் அந்துப்பூச்சி, சுமார் 6 கோடி ஏக்கரில் மண்டிக் கிடந்த கள்ளியைப் பத்தே ஆண்டுகளுக்குள் அடக்கியது. குவீன்ஸ்லாந்தின் பூனார்காவில் 1936இல் அந்தப் பூச்சியின் பெயரிலேயே ஒரு மண்டபமும் எழும்பியது. எல்லாம் உண்மைதான். ஆனால் கதையை அங்கேயே நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பூச்சியின் பெயர் காக்டோபிளாஸ்டிஸ் காக்டோரம். பைராலிடே குடும்பம், அரிசியிலும் மாவிலும் நூலாம்படை கட்டும் சின்ன அந்துப்பூச்சிகள் இதற்குப் பங்காளிகள். தாய்ப்பூச்சி எதையும் தின்னாது. முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குச்சிபோல மடலில் ஒட்டிவிட்டுப் போய்விடும். பார்ப்பவர்கள் அதையும் ஒரு கள்ளிமுள் என்றே நினைப்பார்கள். பொரிந்த புழுக்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரே துளை வழியாக உள்ளே இறங்கும். கறுப்புப் பட்டை போட்ட அந்த ஆரஞ்சுப் புழுக்கள் சதையைத் தின்று தீர்த்தபின் மிஞ்சுவது வெறும் தோல்.

இது ஒரே ஒரு கள்ளியை மட்டும் தின்னும் பூச்சி இல்லை. சப்பாத்திக்கள்ளிகள் அடங்கிய ஒபன்ஷியா பேரினத்தில் பல இனங்களை விட்டுவைக்காது. ஆஸ்திரேலிய மண்ணுக்குச் சொந்தமான கள்ளி என்று ஒன்றுகூடக் கிடையாது. அதனால் அங்கே பிரச்சினை வரவில்லை. கரீபியன் தீவுகளோ கள்ளிகளின் பிறந்த வீடு. அங்கே நெவிஸ் தீவில், மேய்ச்சல் நிலத்தில் பெருகிய உள்நாட்டுக் கள்ளியை ஒழிக்க 1957இல் இதைக் கொண்டுபோய் விட்டார்கள். தீவிலேயே நின்றுவிடும் என்று எப்படி நம்பினார்கள்? இறக்கை உள்ள பூச்சி, பக்கத்துப் பக்கத்துத் தீவுகள், போதாததற்குச் செடி வியாபாரம் வேறு.

1989இல் இந்தப் பூச்சி அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே விரல்விட்டு எண்ணும் அளவே எஞ்சியிருந்த ஓர் அரிய கள்ளி இனத்தையும் தாக்கியது. அப்புறம் அமெரிக்க வளைகுடாக் கரையோரமாக மேற்கே நகர்ந்தது. 2006இல் மெக்சிகோவின் இஸ்லா முஹேரெஸ் தீவிலும் தலைகாட்டியது. தேசியக் கொடியிலேயே கள்ளியை வைத்திருக்கும் நாடு, அதன் மடலைக் காய்கறியாகச் சமைக்கும் நாடு. உடனே சுதாரித்து, தாக்கப்பட்ட செடிகளை வெட்டி அழித்து, பொறிகள் வைத்து, அங்கிருந்து துடைத்தெடுத்தார்கள். டெக்சாஸ் பக்கத்திலிருந்து வரும் ஆபத்து இன்னும் தீரவில்லை.

இதில் பூச்சியைத் திட்ட எனக்கு மனமில்லை. 1957இல் முடிவெடுத்தவர்கள் ஆஸ்திரேலிய வெற்றியைப் பார்த்தார்கள், அந்த வெற்றிக்கான காரணத்தைப் பார்க்கவில்லை. என் கருத்து இதுதான்: ஒரு பூச்சியை வெளியே விடும் முன், அது தின்னக்கூடிய அத்தனை இனங்களும் எந்தெந்த நாடுகளில் வளர்கின்றன என்று பார்க்க வேண்டும். அந்த நாடுகள் எல்லாம் சம்மதித்த பிறகுதான் கூண்டைத் திறக்க வேண்டும்.