டிக்கெட் கேட்டதற்கு அபராதமா?

2024 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், அரசு பஸ்ஸில் டிக்கெட் எடுக்க மறுத்த ஒரு காவலருக்கும் டிக்கெட் கேட்ட நடத்துநருக்கும் தகராறு ஆனது. பிறகு அந்த இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், டீ குடித்தார்கள், வீடியோவும் வந்துவிட்டது, இன்னும் எதற்கு அதையே பேசுகிறாய் என்று காலையிலிருந்து இன்பாக்ஸில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். நாங்குநேரி விஷயம் உங்களுக்கு அந்த வீடியோவோடு முடிந்திருக்கலாம். எனக்கு முடியவில்லை.

அந்தக் காவலரும் நடத்துநரும் சமாதானம் ஆனதில் எனக்குச் சந்தோஷம்தான். சொல்லப்போனால் அந்தக் காவலர் மீது எனக்குப் பெரிய கோபம் கிடையாது. போக்குவரத்து ஊழியர்கள் டிக்கெட் எடுக்காமல் போகிறார்கள், நாங்களும் அரசு வேலைதானே பார்க்கிறோம் என்று கேட்டார். கேட்க வேண்டிய இடம் பஸ் இல்லை, கேட்க வேண்டிய ஆள் நடத்துநர் இல்லை, அவ்வளவுதான். போக்குவரத்துத் துறையும் உடனே தெளிவாகச் சொல்லிவிட்டது. வாரண்ட், அதாவது பணிக்காகப் பயணம் செய்யத் துறை கொடுக்கும் அனுமதி, இருந்தால் போலீஸுக்கு இலவசம், இல்லையென்றால் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றது. விவகாரம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

என் கோபமெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததன் மேல். அடுத்த சில நாட்களில் ட்ராஃபிக் போலீஸார் ஊர் ஊராக அரசு பஸ்களை நிறுத்தி அபராதம் போட்டார்களே, அதன் மேல். நோ பார்க்கிங்கில் நிறுத்தினாய், சீட் பெல்ட் போடவில்லை, யூனிஃபார்ம் சரியில்லை என்று ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்த விதிகள் போன மாதம் எங்கே இருந்தன?

அதே பஸ், அதே நிறுத்தம், அதே ஓட்டுநர், அதே ட்ராஃபிக் போலீஸ். ஏப்ரல் மாதம் கண்ணில் படாத சீட் பெல்ட் மே மாதக் கடைசியில் எப்படிக் கண்ணில் பட்டது? நாங்குநேரியில் ஒரு நடத்துநர் டிக்கெட் கேட்டார் என்பதைத் தவிர நடுவில் வேறு எதுவும் மாறவில்லையே. அவர் முகத்தைக்கூடப் பார்த்திராத இன்னொரு ஊர் ஓட்டுநர் எதற்காக அபராதம் கட்ட வேண்டும்? அண்ணனோடு சண்டை என்றால் தெருவில் போகிற தம்பியைப் பிடித்து அடிக்கிற கதையாக இருக்கிறது. அடிக்கிற கையில் அரசாங்கத்தின் சலான் புத்தகம் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

“அப்படியென்றால் பஸ்காரர்கள் விதியை மீறவே இல்லையா?” என்று வருவீர்கள். மீறுகிறார்கள். நிறுத்தத்தை விட்டு நாற்பது அடி தள்ளி நிறுத்தி வயதானவர்களை ஓட விடுகிறார்கள், நடுரோட்டில் ஆளை இறக்குகிறார்கள். சரி, அபராதம் போடுங்கள். தினமும் போடுங்கள், நானே வந்து கை தட்டுகிறேன். ஆனால் டிக்கெட் கேட்காத மாதத்தில் போடாமல், டிக்கெட் கேட்ட வாரத்தில் மட்டும் போட்டால் அந்த அபராதம் நடுரோட்டில் நிறுத்தியதற்கு இல்லை, டிக்கெட் கேட்டதற்குத்தான். எந்த நடத்துநரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். அடுத்த முறை மஃப்டியில் ஒருவர் ஏறி “ஸ்டாஃப்” என்று சொன்னால், கார்டைக் காட்டுங்கள் என்று கேட்க அவருக்கு வாய் வருமா?

இந்த “ஸ்டாஃப்” என்ற ஒற்றை வார்த்தையோடு எங்கள் வீட்டுக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

எங்கள் அப்பா நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். கடைசி ட்ரிப், நல்ல கூட்டம். சாதாரண உடையில் ஏறிய ஒருவர் “ஸ்டாஃப்” என்றாராம். கார்டு கேட்டதற்கு ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். பின்னால் படிக்கட்டு வரை ஆள் நிற்கிறது, கட்டணம் மாறுகிற ஸ்டேஜ் வருவதற்குள் எல்லோருக்கும் டிக்கெட் போட வேண்டும். அப்பா நகர்ந்துவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் செக்கிங் ஏறிவிட்டது. அந்த ஆள் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “கண்டக்டர் இன்னும் என்கிட்ட வரவே இல்லையே சார்” என்று சொல்லியிருக்கிறார்.

மெமோ அப்பாவுக்குத்தான் வந்தது. விசாரணையில் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: ஏன் டிக்கெட் போடவில்லை? ஏறியவர் யார், என்ன சொல்லி ஏறினார் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை. ஒரு இன்கிரிமென்ட் போயிற்று. அம்மா அந்த வருடம் தீபாவளிக்குத் தனக்குப் புடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் அப்பா யாரையும் டிக்கெட் இல்லாமல் விட்டதில்லை. பெரியப்பா மகன் ஒருநாள் “என்ன சித்தப்பா, என்கிட்டயுமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டபோதும் கையை நீட்டிக்கொண்டே நின்றாராம். பெரியப்பா வீட்டில் அதைப் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். ரொம்ப நாள் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா கவலைப்படவில்லை. “நாளைக்கு மெமோ வந்தா அவன் வந்து கையெழுத்துப் போடுவானா?” என்பார்.

அதனால் டிக்கெட் கேட்ட நடத்துநரைத் திமிர் பிடித்தவர் என்று யாராவது எழுதினால் எனக்குத் தாங்கவில்லை. அது திமிர் இல்லைங்க, பயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். டிக்கெட் இல்லாமல் போகிற பயணிக்கு 500 ரூபாய் வரை அபராதம். டிக்கெட் கொடுக்கும் கடமையில் தவறுகிற நடத்துநருக்கும் அதே பிரிவில் அபராதம் இருக்கிறது. அந்த மனிதர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கேட்கிறார்.

இனி ஒரு கூட்டம் வரும் என்று தெரியும். “பெண்கள் நீங்களே ஓசியில் போகிறவர்கள், போலீஸ்காரர் ஓசியில் போனால் மட்டும் வலிக்கிறதா?” என்று. வந்தும் விட்டது, நேற்றுப் போட்ட சின்னப் பதிவிலேயே ஒருவர் எழுதியிருக்கிறார். பெண்களின் கட்டணமில்லாப் பயணத்தைப் பற்றி இந்த “ஓசி” என்ற சொல்லை 2022-இல் ஒரு அமைச்சரே மேடையில் நின்று சொன்னார். அப்போது பட்ட வலி இன்னும் போகவில்லை. எனவே இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு அரசாணை இருக்கிறது. போக்குவரத்துக் கழகத்துக்கு வராமல் போகிற பணத்தை அரசு மானியமாகக் கொடுக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, கட்டணம் இல்லாத எங்களுக்கும் டிக்கெட் உண்டு. நடத்துநர் கிழித்துக் கொடுக்கிறார், நாங்கள் வாங்கி இறங்கும் வரை பத்திரமாக வைத்திருக்கிறோம். அந்தக் காகிதத்தை வாங்காமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு “லேடீஸ்” என்று சொன்னால் யாராவது விடுவார்களா? காலையில் ஆறு மணிக்கு மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிற அக்கா அந்தக் கூட்டத்திலும் கையை நீட்டி டிக்கெட் வாங்குகிறார். அவர் மதிக்கிற விதியை, விதியைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறவர் மதிக்க வேண்டும் என்று கேட்டால் அது பொறாமையா?

போலீஸ்காரர்கள் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. என் தோழியின் கணவர் ஆயுதப்படையில் இருக்கிறார். பண்டிகை என்றால் அவர் வீட்டில் இருக்க மாட்டார், பந்தோபஸ்து என்று எங்கேயாவது வெயிலில் நிற்பார். காவலர் முதல் ஆய்வாளர் வரை அவரவர் மாவட்டத்துக்குள் அடையாள அட்டையைக் காட்டி அரசு பஸ்ஸில் இலவசமாகப் போகலாம் என்று 2021 செப்டம்பரில் முதல்வர் சட்டமன்றத்திலேயே அறிவித்தார். நல்ல அறிவிப்பு, தாராளமாகக் கொடுக்கட்டும். அதற்கான பணத்தைக் கழகத்துக்கு அரசு கட்டட்டும். என்ன ஆயிற்று அந்த அட்டை என்று கேட்க வேண்டுமென்றால் உள்துறையிடம் கேளுங்கள், டி.ஜி.பி. அலுவலகத்தில் கேளுங்கள். தோளில் பையை மாட்டிக்கொண்டு நிற்கிற மனிதரிடம் ஏன் கேட்கிறீர்கள்? மேலே கேட்க முடியாததை எல்லாம் கீழே இருக்கிறவனிடம் கேட்கிற பழக்கம்தானே இது?

“வழக்கமான வாகனச் சோதனைதான், நீங்கள்தான் முடிச்சுப் போடுகிறீர்கள்” என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அண்ணா, வழக்கமானதென்றால் சமாதான வீடியோ வந்ததும் அது நின்றுபோயிருக்கக் கூடாது. உள்துறை, போக்குவரத்துத் துறை என்று இரண்டு துறைச் செயலர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய தேவையும் இருந்திருக்காது. வழக்கமான நோ பார்க்கிங் அபராதத்துக்கு உள்துறைச் செயலர் எதற்கு? அந்த சலான்கள் நியாயமானவை என்றால் கட்டிப்பிடித்ததும் ஏன் நிற்க வேண்டும்? நியாயம் இல்லையென்றால் ஏன் போட்டீர்கள்? இதற்கு மட்டும் யாரும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

விதியை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று இதே காவல்துறைக்குத் தெரியும். சென்னையில் சொந்த வண்டியில் போலீஸ், பிரஸ், தலைமைச் செயலகம் என்று ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது என்று ஏப்ரல் கடைசியில் அறிவித்தார்கள். மே 2-ஆம் தேதி முதல் அபராதம் என்று முன்கூட்டியே தேதி சொன்னார்கள். காவல்துறை ஸ்டிக்கருக்கும் சேர்த்தே சொன்னார்கள். நான் அன்றைக்கே பாராட்டி எழுதினேன், கீழே போய்ப் பாருங்கள். முதலில் சொன்னார்கள், தேதி கொடுத்தார்கள், தங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அதே மாதக் கடைசியில் நடந்ததில் இந்த மூன்றில் ஒன்றாவது இருந்ததா?

இன்னொன்றும் சொல்கிறேன், இது நிறையப் பேருக்குத் தெரியாது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 210பி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சட்டத்தை அமல்படுத்துகிற அதிகாரம் உள்ளவர்களே அதை மீறினால் இரண்டு மடங்கு அபராதம். பாராளுமன்றமே யோசித்து எழுதி வைத்தது. எங்கள் மார்க்கெட் நிறுத்தத்தில் பஸ் நிற்க வேண்டிய இடத்தில் ரோந்து வண்டி தினமும் நிற்கிறது. பஸ் ரோட்டின் நடுவில் நிற்கிறது, நாங்கள் பைக்குகளுக்கு நடுவே ஓடிப் போய் ஏறுகிறோம். பஸ்காரர் நடுரோட்டில் நிறுத்தினார் என்று சலான் எழுதுகிறவர், அவர் ஏன் அங்கே நிறுத்தினார் என்று ஒருநாள் திரும்பிப் பார்க்கட்டும்.

எனக்கு இன்னும் ஆறாதது, இதில் நம் ஆட்கள் நடந்துகொண்ட விதம். 2024 ஜனவரியில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு நிறுத்தி வைத்த அகவிலைப்படியும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்று. அப்போது இங்கே எத்தனை பதிவு! பொங்கல் நேரத்தில் மக்களைத் தவிக்க விடலாமா, இவர்களுக்கெல்லாம் மனசாட்சி இல்லையா என்று. அப்பா அதை எல்லாம் என் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதே நண்பர்கள், போன வாரம் பஸ்ஸை வெயிலில் ஓரம்கட்டி சலான் எழுதி முடிக்கும் வரை உள்ளே இருந்த ஜனத்தைக் காக்க வைத்தபோது எங்கே போயிருந்தீர்கள்? அந்த ஜனம் தவிக்கவில்லையா? முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்துக் கால் நரம்பு சுருண்டு போனவர்கள் தங்கள் பணத்தைக் கேட்டால் அது மக்கள் விரோதம். அதிகாரம் உள்ளவர்கள் கோபத்தில் பஸ்ஸை நிறுத்தினால் அது நமக்கு மீம் போட ஒரு வேடிக்கை. இரண்டு துறை மோதல் என்று தலைப்பு போட்டார்கள். மோதல் என்றால் இரண்டு பக்கமும் அடிக்க முடிய வேண்டும். நடத்துநர் கையில் என்ன இருந்தது, டிக்கெட் கட்டைத் தவிர?

“நீ கண்டக்டர் மகள், அப்படித்தான் பேசுவாய்” என்றால், ஆமாம், அப்படித்தான் பேசுவேன். அந்த வீட்டில் வளர்ந்ததால்தான் ஒரு மெமோ என்ன செய்யும் என்று எனக்குத் தெரிகிறது.

எழுதுவதோடு விடப் போவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு தயார். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது, திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போகிறது. எங்கள் மாவட்டத்தில் 2024 மே மாதம் அரசு பஸ்களுக்குத் தேதிவாரியாக எத்தனை அபராதம், அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் எத்தனை, 210பி பிரிவில் இதுவரை எத்தனை பேர் மீது நடவடிக்கை, சமாதானத்துக்குப் பிறகு ரத்து செய்த சலான்கள் இருந்தால் எந்த விதியின்படி ரத்து செய்தார்கள் என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறேன். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். மனுவின் நகல் முதல் கமெண்டில் இருக்கிறது. உங்கள் மாவட்டப் பெயரைப் போட்டு நீங்களும் அனுப்பலாம்.